டிஸ்சார்ஜ் எழுதிய பிறகு

மலர்க்குழு நண்பர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஏதாவது எழுதித் தந்தே ஆகணும் சார்" என்று அன்புக் கட்டளை இட்டார்கள். விடுதிச் சாப்பாடு, அனாடமி ஹாலில் மயங்கி விழுந்த கதை, ஆண்டு விழா நாடகம் இவற்றையெல்லாம் என்னைவிடச் சுவையாக எழுதக் கூடியவர்கள் நம் செட்டிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பேட்டையை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

நான் 1974-ல் இங்கிலாந்து போய், ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் அங்கே முதியோர் மருத்துவம் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன். அத்தனை ஆண்டுகளும் காலை ரவுண்ட்ஸில் என்னை விடாமல் துரத்திய ஒரு கேள்வி உண்டு. நோயாளிக்குக் குணமாகிவிட்டது, டிஸ்சார்ஜும் எழுதியாகிவிட்டது, அப்படியிருந்தும் அவர் ஏன் இன்னும் கட்டிலிலேயே இருக்கிறார்? கேள்வி சின்னதுதான். பதில் சொல்ல இருநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது. மாணவத் தம்பி தங்கைகள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். இது பரீட்சையில் வராது; வார்டில் தினமும் வரும்.

முதலில் ஒரு கணக்கு. 2023 ஜனவரியில் இங்கிலாந்தில், "இவர் வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர்கள் சொன்ன பிறகும் மருத்துவமனையில் கிடந்தவர்கள் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 14,000 பேர். அங்கே பொது மருத்துவம், அவசர சிகிச்சைக்கான கட்டில்கள் மொத்தமே சுமார் ஒரு லட்சம்தான். ஏழு கட்டிலில் ஒன்று இப்படிப் போய்விட்டது. அதே குளிர்காலத்தில் மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ் வண்டிகள் நோயாளியை இறக்க இடமில்லாமல் வரிசை கட்டி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். இரண்டும் வேறு வேறு சங்கதி இல்லை. பின்வாசல் அடைத்துக்கொண்டால் முன்வாசலும் அடைத்துக்கொள்ளும்.

இதைக் கேட்டதும் நிர்வாகக் கோளாறு, ஆட்களின் அசிரத்தை என்று சொல்லத் தோன்றும். அதுவும் உண்டு. ஆனால் வேர் அங்கே இல்லை. 1948-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதியில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்கு முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

ஏழை விடுதியின் கடைசி வார்டு

பிரிட்டனில் 1834-ல் ஏழைகள் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். உடம்பில் தெம்பு உள்ள ஏழைக்கு உதவி வேண்டுமானால், அவர் 'ஒர்க்ஹவுஸ்' எனப்படும் ஏழை விடுதிக்குள் வந்து சேர வேண்டும் என்பது அதன் சாரம். உள்ளே வாழ்க்கை, வெளியே இருக்கும் பரம ஏழைத் தொழிலாளியின் வாழ்க்கையைவிட மோசமாக இருக்க வேண்டும் என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார்கள். அப்போதுதான் யாரும் சும்மா வந்து உட்கார மாட்டார்களாம்! நாளடைவில் உடம்பில் தெம்பு உள்ளவர்கள் வெளியே போனார்கள். முதியவர்களும் நோயாளிகளும் தங்கிவிட்டார்கள்.

பெயர் பெற்ற தர்ம ஆஸ்பத்திரிகளுக்கு அந்தக் காலத்தில் ஒரு பழக்கம் இருந்தது. குணமாகக் கூடிய கேஸ்களை எடுத்துக்கொள்வார்கள். பக்கவாதம், நாள்பட்ட மூட்டுவாதம் என்றால் ஏழை விடுதியின் நோயாளிப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே டாக்டர் எட்டிப் பார்ப்பது அபூர்வம். படுத்தவர் படுத்தவர்தான்.

1935-ல் லண்டனுக்கு மேற்கே வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த இப்படிப்பட்ட ஒரு நோயாளிப் பிரிவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த 714 நோயாளிகளை மார்ஜரி வாரன் என்ற பெண் டாக்டரிடம் ஒப்படைத்தார்கள். அந்த அம்மா செய்த காரியம் பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. ஒவ்வொருவரையும் தலை முதல் கால் வரை பரிசோதித்தார். யாருக்கு என்ன நோய் என்று எழுதினார். வார்டுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார். படுத்தே கிடந்தவர்களை எழுப்பி உட்காரவைத்து, பிறகு நிற்கவைத்து, பிறகு நடக்கவைத்தார். ஆண்டுக்கணக்கில் படுக்கையோடு இருந்தவர்களில் பலர் நடந்தே வீட்டுக்குப் போனார்கள். 714 கட்டில் தேவைப்பட்ட இடத்தில் 240 போதும் என்று ஆயிற்று. மிச்சக் கட்டில்கள் காசநோய்க்காரர்களுக்குப் போயின. முதியோர் மருத்துவம் என்ற தனித் துறை பிறந்த கதை இதுதான்.

1947-ல் ரிச்சர்ட் ஆஷர் என்ற டாக்டர், படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். கால் நரம்பில் ரத்தம் உறைவது, நெஞ்சில் சளி கட்டுவது, படுக்கைப் புண், மலச்சிக்கல், மனச்சோர்வு என்று உறுப்பு உறுப்பாகப் பட்டியல் போட்டிருந்தார். பின்னால் 2007-ல் அமெரிக்காவில் ஒரு சிறு ஆய்வு வெளிவந்தது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால் தசையில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கரைந்திருந்தது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி!

ஆகவே காத்திருப்பது என்பது பஸ் நிலையத்தில் காத்திருப்பது மாதிரி இல்லை. பஸ் தாமதமானாலும் ஏறும் ஆள் அதே ஆள்தான். இங்கே பத்து நாள் தாமதமானால், பத்து நாளுக்கு முன்பு நடந்து வீட்டுக்குப் போயிருக்கக் கூடியவர், இனி வீட்டுக்கே போக முடியாதவராக ஆகிவிடுகிறார். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஒரே நாள், இரண்டு சட்டம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் தேசிய சுகாதார சேவையைக் கொண்டுவந்தது. நாம் எல்லோரும் அறிந்த என்.எச்.எஸ். அது நடைமுறைக்கு வந்த நாள் 1948 ஜூலை 5. பணக்காரன் ஏழை வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் இலவச வைத்தியம். உலகமே வியந்த ஏற்பாடு. நானும் அதன் உப்பைத் தின்றவன். குறை சொல்ல மனம் வராது.

ஆனால் அதே நாளில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. தேசிய உதவிச் சட்டம் என்று பெயர். முதுமையாலோ தளர்ச்சியாலோ பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கு இருப்பிடம் தருவது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு என்று அதன் மூன்றாம் பகுதி சொன்னது. அதனால் அந்த இல்லங்களையே 'பார்ட் த்ரீ' என்று கூப்பிடுவார்கள். வைத்தியம் இலவசம், இந்தப் பராமரிப்பு அப்படி இல்லை. வருமானம், சொத்து பார்த்துக் கட்டணம் வாங்குவார்கள்.

அதாவது, நோயாளி என்றால் மத்திய அரசின் கணக்கு, காசு கிடையாது. தளர்ந்தவர் என்றால் கவுன்சில் கணக்கு, காசு உண்டு. காகிதத்தில் இந்தக் கோடு நேராகத்தான் இருந்தது. மனித உடம்பில் எங்கே போடுவது? எண்பத்திரண்டு வயதுப் பாட்டிக்குப் பக்கவாதம் வந்து, ஒரு கை விளங்காமல் போய், ரவிக்கைப் பொத்தான் போட ஆள் வேண்டும் என்றால் அது நோயா, தளர்ச்சியா? பல ஊர்களில் பழைய ஏழை விடுதிக் கட்டடத்தையே இரண்டாகப் பங்கு போட்டார்கள். ஒரு பகுதி மருத்துவமனை, மறு பகுதி கவுன்சில் இல்லம். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி நடுவில் ஒரு சுவர். முதியவர் அந்தச் சுவரின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் அன்று தொடங்கிய வழக்கு.

நம்ம ஆட்கள் போய்ச் சேர்ந்த இடம்

1960-களிலும் 70-களிலும் நம் கல்லூரியிலிருந்தும் மற்றக் கல்லூரிகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக இங்கிலாந்து போனோம். இந்தியப் பட்டங்களுக்குத் தந்துவந்த நேரடி அங்கீகாரத்தை அந்த நாட்டு மருத்துவ கவுன்சில் 1975-ல் நிறுத்தியது. நான் அதற்கு முந்தைய வருஷமே போய்விட்டதால் தப்பித்தேன். போனவர்களில் பாதிப் பேருக்கு இருதயம், மீதிப் பேருக்கு அறுவை சிகிச்சை என்றுதான் கனவு. அந்த வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டால் பதிலே வராது. யாருக்கும் பிடிக்காத துறைகளில் மட்டும் கதவு திறந்திருந்தது. முதியோர் மருத்துவம் அப்போது மாற்றாந்தாய்ப் பிள்ளை. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் என்று நம் பக்கத்து டாக்டர்கள்தான் அந்தத் துறையைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய வாய்மொழி அனுபவங்களை ஆய்வாளர்கள் பதிவு செய்து பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

எனக்கு முதலில் கிடைத்த வார்டு பழைய ஏழை விடுதிக் கட்டடத்தில்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் அந்தச் சந்தில் திரும்பும்போதே சில முதியவர்கள் அழுவார்கள். அவர்கள் சின்ன வயதில் கேட்ட கதை அப்படி: அங்கே போனவர் திரும்ப மாட்டார்.

ஒருவரை அங்கிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி, பன்னிரண்டாம் நாள் ஊன்றுகோலோடு நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் வேலை முடிந்தது. இனிமேல்தான் ஆரம்பம். பிசியோதெரபிஸ்ட் படி ஏறவைத்துப் பார்க்க வேண்டும். செயல்வழிச் சிகிச்சை பார்ப்பவர் வீட்டுக்கே போய், கழிப்பறை மாடியிலா கீழேயா, கட்டில் எவ்வளவு உயரம், கைப்பிடி எங்கே பொருத்துவது என்று பார்த்து வர வேண்டும். கவுன்சிலின் சமூகப் பணியாளர் வந்து மதிப்பீடு எழுத வேண்டும். பணம் ஒதுக்கும் குழு கூடும் நாள் வரைக்கும் அந்த மதிப்பீடு காத்திருக்க வேண்டும். காலையில் எழுப்பி உடுத்திவிட, ராத்திரி படுக்கவைக்க ஆள் கிடைக்க வேண்டும். கைப்பிடி பொருத்தும் தச்சர் வர வேண்டும். கொடுத்தனுப்பும் மருந்து ஃபார்மசியிலிருந்து வர வேண்டும். வண்டி வர வேண்டும். வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் கணப்பு எரிய வேண்டும். ஒரு பாட்டில் பாலும் ஒரு ரொட்டியும் இருக்க வேண்டும்.

இதில் ஒன்று தவறினாலும் பாட்டி நகர முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் தவறினால் செவ்வாய்க்கிழமைதான். அதற்குள் ஒரு காய்ச்சல் வந்துவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பரமபதம் ஆடினது மாதிரிதான்.

இந்தப் பட்டியலில் மருத்துவமனை டாக்டரின் அதிகாரத்தில் இருப்பவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் மிஞ்சும்.

பணம் திறந்த வாசல்

நடுவில் ஒரு காலம் டிஸ்சார்ஜ் சுலபமாக இருந்தது. 1980-ல் சமூகப் பாதுகாப்பு விதிகளை மாற்றியபோது, வசதியில்லாத முதியவர் தனியார் இல்லத்தில் சேர்ந்தால் அந்தக் கட்டணத்தை மத்திய அரசே கட்டும் என்று ஆயிற்று. அவருக்கு உண்மையிலேயே இல்லம் தேவையா, வீட்டில் உதவி செய்தால் போதாதா என்று யாரும் பார்க்க வேண்டாம். தெருவுக்குத் தெரு முதியோர் இல்லங்கள் முளைத்தன. 1979-ல் இதற்கு ஆன செலவு ஒரு கோடி பவுன். பத்தே ஆண்டில் அது நூறு கோடியைத் தொட்டது. மருத்துவமனைகளுக்கோ கொண்டாட்டம். போன் செய்தால் மறுநாள் வண்டி வரும். வீட்டிலேயே இருந்திருக்க வேண்டிய எத்தனையோ பேர் இல்லத்துக்குப் போனார்கள் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

அரசு விழித்துக்கொண்டது. ராய் கிரிஃபித்ஸ் என்ற பல்பொருள் அங்காடி நிர்வாகியிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் 1988-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1990-ல் சட்டம் வந்தது; 1993 ஏப்ரலில் முழுமையாக அமலானது. இனி பணம் கவுன்சில் கையில்; கவுன்சில் மதிப்பீடு செய்து, தேவைப்பட்டால்தான் கொடுக்கும். கொள்கை நியாயமானதுதான். ஆனால் கவுன்சிலின் பணப்பைக்கு வாய்க்கயிறு உண்டு. மார்ச் மாதக் கடைசியில், "பட்ஜெட் தீர்ந்துபோச்சு டாக்டர், ஏப்ரலில் பார்க்கலாம்" என்று சமூகப் பணியாளர்கள் என்னிடம் கூசிக்கொண்டே சொன்னதுண்டு. பாவம், அவர்கள் என்ன செய்வார்கள்! முதியவர் மருத்துவமனையில் கிடந்தால் கவுன்சிலுக்குக் காலணா செலவில்லை. வெளியே வந்தால்தான் செலவு. எந்தக் கணக்குப்பிள்ளையும் அவசரப்பட மாட்டார்.

இதே சமயத்தில் கட்டில்களும் குறைந்துகொண்டே வந்தன. இங்கிலாந்தில் 1987-88-ல் எல்லா வகையும் சேர்த்து 2,99,000 கட்டில்கள் இருந்தன. 2019-20-ல் 1,41,000. சிகிச்சை முறை மாறியதால் பல குறைந்தது சரிதான். ஆனால் மெதுவாகத் தேறும் முதியவரை வைத்துக்கொள்ள இருந்த இடமும் அதோடு போயிற்று.

அபராதம் போட்டுப் பார்த்தார்கள்

ஸ்வீடன் நாட்டில் 1992-ல் ஒரு சீர்திருத்தம் வந்தது. சிகிச்சை முடிந்தும் முதியவர் மருத்துவமனையிலேயே இருந்தால், அந்தச் செலவை அவருடைய நகராட்சி கட்ட வேண்டும். அங்கே காத்திருப்போர் எண்ணிக்கை நன்றாகக் குறைந்தது. அதைப் பார்த்து இங்கிலாந்தும் 2003-ல் தாமத டிஸ்சார்ஜ் சட்டம் கொண்டுவந்தது. கவுன்சிலின் ஏற்பாடு தாமதமானால் நாளொன்றுக்கு 100 பவுன், லண்டன் பக்கம் 120 பவுன் அபராதம். இதில் வேடிக்கை, அந்தச் செலவைச் சமாளிக்க கவுன்சில்களுக்கு அரசே ஒரு மானியமும் கொடுத்தது!

தாமதங்கள் குறைந்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் எங்கள் வார்டுகளில் ஒரு புது வேலையும் முளைத்தது. ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணக் குறியீடு எழுத வேண்டும். 'ஏ' என்றால் மதிப்பீடு முடியவில்லை. 'பி' என்றால் பணம் ஒதுக்கவில்லை. 'ஈ' என்றால் வீட்டுக்கு உதவியாள் கிடைக்கவில்லை. 'ஜி' என்றால் நோயாளி அல்லது குடும்பத்தின் விருப்பம். இப்படி 'ஐ' வரைக்கும் போகும். ஏ-யா ஜி-யா என்பதைப் பொறுத்து அபராதம் யார் தலையில் என்பது மாறும். கட்டிலில் இருப்பவரைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டங்களில் எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். 2014-ல் வந்த சட்டம் அபராதத்தைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. 2022-ல் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள்.

1948-ல் போட்ட கோட்டை அழிக்க முயற்சி நடக்காமல் இல்லை. 1999-ல் ஸ்டூவர்ட் சதர்லண்டு தலைமையிலான அரச ஆணையம், முதியவரை உடுத்திவிடுவது, குளிப்பாட்டுவது போன்ற பராமரிப்பும் இலவசமாக இருக்க வேண்டும் என்றது. ஸ்காட்லாந்து 2002-ல் ஏற்றுக்கொண்டது, இங்கிலாந்து ஏற்கவில்லை. 2011-ல் ஆண்ட்ரூ டில்னாட் குழு, ஒருவர் வாழ்நாளில் பராமரிப்புக்குக் கட்டும் தொகைக்கு உச்சவரம்பு வேண்டும் என்றது. 2014-ல் சட்டமும் ஆயிற்று. 72,000 பவுன் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள். 2021-ல் 86,000 என்றார்கள், மறுபடி தள்ளிப்போட்டார்கள். 2024 ஜூலையில் வேண்டாம் என்றே விட்டுவிட்டார்கள். 2025 ஜனவரியில் லூயிஸ் கேசி தலைமையில் இன்னொரு ஆணையத்தை அறிவித்தார்கள்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். பராமரிப்பை இலவசமாக்கிய ஸ்காட்லாந்திலும் 2024-ல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,000 பேர் இப்படிக் காத்துக் கிடந்தார்கள். பணம் யாருடையது என்ற சண்டை தீர்ந்தாலும், குளிப்பாட்டிவிட ஆள் வேண்டுமே! 2021-22-ல் இங்கிலாந்தில் மட்டும் பராமரிப்பு வேலைகளில் சுமார் 1,65,000 இடங்கள் காலி. குறைந்த சம்பளம், முதுகு உடைக்கும் வேலை, மதிப்பும் இல்லை. 2022-ல் வெளிநாட்டிலிருந்து ஆட்களை எடுக்க விசா கொடுத்தார்கள். நைஜீரியா, ஜிம்பாப்வே, இந்தியா என்று ஆயிரக்கணக்கில் போனார்கள். 2025 ஜூலையில் அந்தக் கதவையும் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு யாரும் தொடாத முதியோர் வார்டுக்கு நம் டாக்டர்கள். இன்றைக்கு யாரும் வராத பராமரிப்பு வேலைக்கு நம் பெண்கள். கூட இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வேலையின் தேவை குறையவே இல்லை. அதற்கு வைக்கும் விலைதான் உயரவில்லை.

அவசரமும் ஆபத்துதான்

'அப்படியானால் எப்படியாவது சீக்கிரம் அனுப்பிவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். அதற்கும் வரலாற்றில் பதில் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது இங்கிலாந்து அதைத்தான் செய்தது. வாரக்கணக்கில் தேங்கிய மதிப்பீடுகள், பணக் குழுக்கள் எல்லாம் ஒரே உத்தரவில் ஒதுக்கப்பட்டன. அரசே பணம் கட்டியது. கட்டில்கள் சில நாட்களில் காலியாயின. எழுபது ஆண்டாக முடியாதது முடிந்தது!

ஆனால் எப்படி முடிந்தது? மார்ச் 17-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் சுமார் 25,000 பேரை மருத்துவமனையிலிருந்து முதியோர் இல்லங்களுக்கு அனுப்பினார்கள். கிருமி இருக்கிறதா என்று எல்லோரையும் பரிசோதித்து அனுப்பும் விதி ஏப்ரல் நடுவில்தான் வந்தது. இல்லங்களில் முதியவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். அவர்களுக்குத் தொற்று வேறு பல வழியிலும் போயிருக்கிறது. எல்லாப் பழியையும் டிஸ்சார்ஜ் மேல் போடுவதும் சரியில்லை. ஆனாலும் 2022 ஏப்ரலில் லண்டன் உயர் நீதிமன்றம், அறிகுறி இல்லாமலே தொற்று பரவலாம் என்ற ஆபத்தைக் கணக்கில் எடுக்காத அந்தக் கொள்கை சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. நோயாளி போய்ச் சேரும் இடம் தயாராக இல்லாமல் அனுப்புவதற்குப் பெயர் டிஸ்சார்ஜ் இல்லை.

நம் ஊருக்கு வருவோம்

இங்கே தாமதம் என்றால் நம் மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பில். காலை பத்து மணிக்கு டாக்டர் "போகலாம்" என்பார். லேப், ஃபார்மசி, பில்லிங் என்று கணக்கு முடிந்து, இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுமதிக்குப் போகும். குடும்பமே பையைக் கட்டி வைத்துக்கொண்டு சாயந்திரம் வரை உட்கார்ந்திருக்கும். 2024 மே மாதம் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு சுற்றறிக்கை விட்டது. மருத்துவமனை கேட்ட மூன்று மணி நேரத்துக்குள் இறுதி அனுமதி தர வேண்டும். அதற்கு மேல் தாமதமானால், அதனால் கூடும் மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும். ஸ்வீடன் நகராட்சிக்குச் சொன்ன அதே நியாயம்தான். வைத்தியம் பார்ப்பவர் ஓரிடம், பணம் கட்டுபவர் வேறிடம் என்றால் நடுவில் நோயாளி மாட்டிக்கொள்வார் என்பது இங்கிலாந்துக்கும் பொது, இங்கும் பொது.

ஆனால் மூன்று மணி, ஆறு மணித் தாமதம் நம் உண்மையான பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் அத்தனை ஏற்பாட்டையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். காலையில் எழுப்பிவிட ஆள், மருந்து கொடுக்க ஆள், கழிப்பறைக்குக் கூட்டிப் போக ஆள். அங்கே கவுன்சில் செய்யும் வேலையை இங்கே யார் செய்கிறார்கள்? மனைவி, மகள், மருமகள். பட்ஜெட் இல்லை, மதிப்பீடு இல்லை, சம்பளம் இல்லை. எந்தப் புள்ளிவிவரத்திலும் வருவதில்லை. "யாரும்மா கூட இருக்கிறது?" என்று நம் வார்டுகளில் கேட்கிறோமே, அந்த ஒரு கேள்விதான் நம்முடைய முழு சமூகப் பராமரிப்புத் துறை. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலத்திலேயே, அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத முதியவர்கள் வராந்தாவில் வாரக்கணக்கில் இருந்தார்கள்.

இனி அந்தப் பதில் இன்னும் கஷ்டமாகும். பிள்ளைகள் குறைவு. மகளும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், போகத்தான் வேண்டும். நம் சங்கத்து அங்கத்தினர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருடைய பெற்றோர் சொந்த ஊரில் தனியாக இருந்தார்கள்! இன்று அந்த வயதில் நாமே இருக்கிறோம். நம் பிள்ளைகள் கலிபோர்னியாவிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள்.

நல்ல முயற்சிகளும் நடந்திருக்கின்றன. டாக்டர் வி.எஸ். நடராசன் அவர்கள் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். இந்தத் துறையில் எம்.டி. படிப்பும் 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எனக்கு அதிகம் பிடித்தது வேறொன்று: 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். ரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்லாமல், பிசியோதெரபியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வீட்டு வாசலுக்கே போகின்றன. மருத்துவமனைக்குள் கட்டில் சேர்ப்பதைப் போலவே, மருத்துவமனைக்கு வெளியே கை சேர்ப்பதும் வைத்தியம்தான் என்று உணர்ந்த திட்டம் அது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேஸ் ஷீட்டில் 'சமூக வரலாறு' என்று ஒரு வரி இருக்கும். நாமெல்லாம் அதில் 'திருமணமானவர், இரண்டு குழந்தைகள், புகை பிடிப்பதில்லை' என்று எழுதித் தள்ளிவிட்டுப் போவோம். முதியவர் ஒருவர் அட்மிட் ஆகும் அன்றைக்கே அந்த வரியில் மூன்று விஷயம் எழுதுங்கள். வீட்டில் யார் இருக்கிறார்கள்? விழுவதற்கு முன்னால் எவ்வளவு தூரம் நடப்பார்? கழிப்பறை எங்கே இருக்கிறது? அன்றைக்கே அவரைக் கட்டிலிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்காரவைக்க முடியுமா என்று சிஸ்டரிடம் கேளுங்கள். இதற்கு ஸ்கேன் வேண்டாம், செலவும் இல்லை. மார்ஜரி வாரன் அம்மையார் 1935-ல் செய்ததும் இதைத்தான்.

அடுத்த சந்திப்புக்கு எல்லோரும் அவரவர் காலில் நடந்தே வந்து சேர வேண்டும் என்பது இந்த முதியோர் வைத்தியனின் ஆசை.